தூக்கப்பை உறைபுகு படலம்

வாழ்க அந்தப் பத்து விரல்கள். கசங்கியதைக் கண்டால் கலங்கும் நெஞ்சும், கோணியதைக் கண்டால் கொதிக்கும் குருதியும் கொண்டு, இருபத்தாறு ஆண்டுகளாய் ஒரே துணிக்கடையின் ஒரே நீள மேசைக்குப் பின்னால் அசையாது நின்று, வாங்க வந்தோர் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு "அப்புறம் வரோம்" என்று அனாதையாய் விட்டுப்போன சட்டைகளையும் போர்வைகளையும் திரைச்சீலைகளையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து, மூலையோடு மூலை பொருத்தி, உள்ளங்கையின் ஒரே தடவலில் புதுக்கருக்குக் குலையாமல் மீட்டெடுத்துப் பெட்டிக்குள் குடியேற்றும் பெருந்தகை, சக ஊழியரால் 'மடிப்பு மாஸ்டர்' என்று பட்டம் சூட்டப்பெற்றவர், இக்காவியத்தின் நாயகர். மடிப்புக்கென்று ஒரு தெய்வம் இருக்குமானால் அது இக்கதைக்குக் காப்பாக முன்வந்து நிற்கட்டும். திணிப்புக்கென்றும் ஒரு தெய்வம் இருந்தால் அதுவும் வரட்டும். பின்பாதியில் அதற்குத்தான் வேலை.

நாயகரின் இல்லறப் பெருவாழ்வில் ஒரே ஒரு களங்கம் உண்டு. அது அவர் துணைவியாரின் அலமாரி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளொன்றுக்கு நூறு பேரின் நரம்பைத் தேடிப் பிடித்து ஊசி குத்தி, ஒருவரையும் முனகக்கூட விடாத கைராசிக்காரி அந்த அம்மையார். ஆனால் அதே கை வீட்டுக்கு வந்தால் வேறு கை. துவைத்த துணியைச் சுருட்டிய வாக்கில் அலமாரிக்குள் அடைத்து, இடுப்பால் ஓர் இடி இடித்துக் கதவைச் சாத்திவிடும். பின்னால் வந்து திறப்பவர் தலைமேல் துண்டும் போர்வையும் ஒற்றைக்கால் சாக்ஸும் அருவியாய்ப் பொழியும். ஞாயிறுதோறும் நாயகர் அந்த அலமாரியைக் காலி செய்து, "இது அலமாரியா, குப்பைத்தொட்டியா?" என்று சுவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு, அனைத்தையும் மடித்து அடுக்கிவைப்பார். சுவரும் பதில் சொன்னதில்லை, அம்மையாரும் சொன்னதில்லை. திருமணமாகி இருபத்துநான்கு ஆண்டுகளில் அந்த அடுக்கு ஒருமுறைகூடப் புதன்கிழமையைத் தாண்டியதில்லை.

இப்படிப்பட்ட குடும்பத்துக்குள்தான் மலைப்பயணம் வந்து நுழைந்தது. அம்மையாரின் தங்கை ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர், கழுத்தில் விசிலும் கையில் பட்டியலும் இல்லாமல் அவரைக் கண்டவர் எவரும் இல்லை. பதினைந்தாயிரம் அடி உயரத்துப் பனிக்கணவாயை மும்முறை மிதித்து மீண்ட அந்த வீராங்கனை, நான்காம் முறையாக ஒன்பது நாள் நடைக்குப் பன்னிரண்டு பேர் கொண்ட படையைத் திரட்டினார். அக்காள் முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்தார். மாஸ்டருக்கு மலையின்மேல் காதலும் இல்லை, பகையும் இல்லை. காலண்டரில் இருக்கும்வரை அது ஒரு நல்ல படம் என்பதே அவர் கருத்து. ஆனால் மனைவி இல்லாத வீட்டில் ஒன்பது நாள் தனியாக உட்கார்ந்திருப்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். ஒன்பது நாளும் அந்த அலமாரி அடுக்கியது அடுக்கியபடியே இருக்கும். அது அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே போய் இரண்டாம் பெயராகத் தம் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதன்பின் அவர் புரிந்த தவம் சொல்லில் அடங்காது. அடங்காவிட்டால் என்ன, சொல்லத்தான் போகிறோம். நாள்தோறும் காலையில், இருபுறமும் தண்ணீர்ப் புட்டிகள் தந்தங்கள்போல் துருத்தி நிற்கும் முதுகுப்பையைச் சுமந்து, தாம் குடியிருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தின் படிகளை எட்டுமுறை ஏறினார், எட்டுமுறை இறங்கினார். மூன்றாம் மாடி வீட்டு நாய் முதல் வாரம் அவரைப் பார்த்துக் குரைத்தது. இரண்டாம் வாரம் கூடவே ஏறியது. மூன்றாம் வாரம் சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டது. புது பூட்ஸ் காலைக் கடிக்குமென்று தங்கை எச்சரித்ததால், அதைக் கடைக்கே அணிந்துபோய், மேசைக்கு மேலே பட்டுப்போன்ற பணிவும் மேசைக்குக் கீழே படைவீரக் கால்களுமாய் ஒரு மாதம் வியாபாரம் பார்த்தார். மருத்துவர் அவர் மார்பில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டுக்கொண்டே தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

பட்டியலிலிருந்த முப்பத்துநான்கு பொருட்களையும் அவர் சேகரித்த சீர்மையையும் பாட வேண்டும். நாளுக்கு ஒரு கட்டு வீதம் ஒன்பது நாள் உடையையும் செங்கல் அளவுக்கு மடித்து, ஒவ்வொன்றின்மீதும் காகிதத்தில் நாளை எழுதி ஒட்டி, வரிசையாய் நிறுத்தியபோது, தங்கையே அதைப் படம் பிடித்துக் குழுவிலிருந்த அனைவருக்கும் அனுப்பி, "இப்படி இருக்கணும்" என்று ஆணையிட்டார். அந்தப் படத்தை மாஸ்டர் கடை முதலாளிக்குக் காட்டினார், பால்காரருக்குக் காட்டினார், லிஃப்டில் வந்த முன்பின் தெரியாத ஒருவருக்கும் காட்டினார். முப்பத்துமூன்று பொருட்கள் அவர்முன் மண்டியிட்டன. முப்பத்துநான்காவது மண்டியிடவில்லை.

அதுவே ஸ்லீப்பிங் பேக் என்னும் தூக்கப்பை. ஆறரை அடி நீளமும், உள்ளே இறகும் வெளியே வழுக்கலும், விலாப்புறம் நெடுக ஜிப் என்னும் எண்ணற்ற பற்களும் கொண்டு, செந்நிறப் பெரும்பாம்பெனப் புரளும் அப்பிராணி, இரண்டு ரொட்டிப் பாக்கெட்டுகளை வைத்தாலே பிதுங்கக்கூடிய ஒரு சிற்றுறைக்குள் அடங்க வேண்டுமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆசாமிகள் உலகில் உண்டு. அவர்களிடம் இந்த உறையைக் கொடுத்தால் ஒரு கும்பிடு போட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். அடக்குவது மட்டும் போதாது, அதற்கு ஒரு சட்டமும் இருந்தது. பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் படையினரை நிறுத்திவைத்து, தலைவியார் அதை இப்படிப் பிரகடனம் செய்தார்:

"மேல காலையில மைனஸ் பத்து. ஒருத்தர் பைக்காக மிச்சப் பதினோரு பேரும் பனியில நிக்க முடியாது. கையுறை போட்டுக்கிட்டு, மூணு நிமிஷத்துல பை உறைக்குள்ள போகணும். போகலைன்னா ஆளும் போக முடியாது."

விசில் ஒலித்தது. பதினோரு பேர் தத்தம் பையைக் கண்டபடி அமுக்கிக்கொண்டிருக்க, நம் நாயகர் மட்டும் முழந்தாளிட்டு, தம் பையை நெடுகக் கிடத்தி, நீவி, இரண்டாய் மடித்து, மீண்டும் நீவி, மூன்றாய் மடித்து, கால்பக்கத்திலிருந்து சுருட்டிவந்த அழகு இருக்கிறதே, அதைக் கண்டு அண்டை அயலில் அமுக்கிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு வாய் பிளந்தார்கள். அப்படியொரு நேர்கோட்டை அந்தக் கூடத்தின் தரைகூட அறிந்ததில்லை. ஆனால் சுருட்டி முடிக்கையில் இரண்டே கால் நிமிடம் போய்விட்டது. உருளையின் ஒரு முனையை உறைக்குள் செருகினார். மறுமுனை பூப்போல் விரிந்தது. மறுமுனையை அமுக்கினார், முதல்முனை வெளியே வந்து எட்டிப்பார்த்தது. விசில் மறுபடி ஒலித்தபோது உறைக்குள் இருந்தது கால்வாசிப் பையும் அவருடைய இரண்டு கைகளும்தான்.

"மாமா, மடிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? மடிச்சா ஒரே இடத்துல இறகு நசுங்கும். கண்டபடி திணிங்க."

"கண்டபடியா?" என்றார் மாஸ்டர். யாரோ அவர் குலத்தையே ஏசியதுபோல் இருந்தது அவருக்கு.

"அடுத்த ஞாயிறு கடைசி சான்ஸ். அன்னைக்கும் முடியலைன்னா உங்க இடம் எக்ஸ்ரே அக்காவுக்கு. அக்கா வீட்டுக்காரராச்சேன்னு நான் பார்க்கலாம். குளிர் பார்க்காது."

எக்ஸ்ரே அக்கா என்பவர் அம்மையாரோடு அதே பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ்ரே எடுப்பவர். காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள். இடம் கிடைக்கும் முன்பே பூட்ஸ் வாங்கி அன்றைக்கு அணிந்தும் வந்திருந்தவர். அவர் மாஸ்டரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். கூடாரத்துக்கு இருவர் என்பது கணக்கு. தமக்குரிய பாதியில் எக்ஸ்ரே அக்கா நீட்டிப் படுத்திருக்க, நட்சத்திரங்களைப் பார்த்தபடி தம் மனைவி அவரோடு அலுவலகக் கதை பேசிக்கொண்டிருக்கும் காட்சி நாயகரின் கண்முன் எழுந்தது.

ஏழு நாள் நடந்தது போர். திங்களன்று இரட்டைக் கட்டில் விரிப்பு மடிப்பையும், அது தோற்றபின் திரைச்சீலை மடிப்பையும், அதுவும் தோற்றபின் தம் குருநாதர் சாகும் தறுவாயில் அவருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்ததாகக் கடையில் அவர் கதைவிடும் மழைக்கோட்டு மடிப்பையும் ஏவினார். மூன்று அம்பும் முனை மழுங்கித் திரும்பின. செவ்வாயன்று பையைக் கடைக்கே கொண்டுபோனார். விற்பனையாளர் நால்வர் நான்கு மூலையைப் பிடிக்க, இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு கைக்குட்டையைக்கூட மடித்தறியாத முதலாளி நாற்காலியில் அமர்ந்து ஆலோசனை வழங்க, பொட்டலம் கட்டுபவர் சணல் கயிற்றோடு களம் இறங்கி இறுக்கிச் சுற்றிய சுற்றில் பகைவன் ஒரு தண்ணீர்க் குழாய் அளவுக்கு இளைத்து, சரக்கென்று உறைக்குள் போனான். கடையே ஆரவாரித்தது. கயிறு சுற்ற மட்டும் பதினொரு நிமிடம் பிடித்திருந்தது. கடைசியில் கயிற்றை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் தேவைப்பட்டது.

புதனன்று அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். அது நெடிய பெருமூச்சொன்றை விட்டு, தோற்றேன் என்பதுபோல் தட்டையாய்க் கிடந்தது. வெற்றிக்களிப்பில் அவர் எழுந்தார். அதுவும் விட்ட மூச்சையெல்லாம் திரும்ப இழுத்துக்கொண்டு கூடவே எழுந்தது. வியாழனன்று அதனோடு கட்டிப்புரண்டதில், ஜிப்பின் பற்கள் அவர் பனியனைக் கவ்விக்கொண்டு விட மறுத்தன. ஆறரை அடிப் பகைவனை மார்பில் தொங்கவிட்டபடி அவர் அடுக்களை வாசலில் போய் நின்றார். அம்மையார் கரண்டியைக் கீழே வைத்தார். சிரிக்கக்கூடச் செய்யாமல், நரம்பு தேடும் அதே நுட்பத்தோடு துணியை ஒவ்வொரு நூலாய் விடுவித்துவிட்டு, மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டார். சிரித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஏனெனில் அம்மையாரின் பை என்றோ அடங்கிப்போயிருந்தது. தொலைக்காட்சியில் கண்ணும், வறுத்த கடலையில் ஒரு கையுமாய் இருக்கும்போதே, மற்றக் கை அதைக் காதைப் பிடித்து இழுத்து உறைக்குள் அடைத்துவிடும். வெள்ளியன்று மாஸ்டர் கதவிடுக்கில் நின்று கள்ளத்தனமாகக் கணக்கெடுத்தார். நாற்பது நொடி. அதில் விளம்பரம் மாறியபோது அவள் நிறுத்திய நொடிகளும் சேர்த்தி. அலமாரியைப் பழித்த வாயோடு அந்தக் கையிடம் போய் நிற்பது எப்படி என்று அவர் விடிய விடியப் புரண்டார். குப்பைத்தொட்டி என்ற சொல்லை இருபத்துநான்கு ஆண்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்போம் என்று பெருக்கிப் பார்த்து, ஆயிரத்தைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை, அரசர் எவரும் தம் கோட்டைச் சாவியை இவ்வளவு தயங்கித் தந்திருக்க மாட்டார் என்னும்படி, பையை இரு கையிலும் ஏந்தி அவள்முன் வந்து நின்றார்.

"இதை... எப்படித் திணிக்கிறதுன்னு கொஞ்சம் சொல்லிக்குடு."

"எப்படி என்ன பண்றது? காதுல விழலை."

"திணிக்கிறது," என்றார் மாஸ்டர், சற்று உரக்க. அந்தச் சொல் தம் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரே திடுக்கிட்டார்.

அம்மையார் தொலைக்காட்சியை அணைத்தார். உடன்படிக்கையின் வாசகம் அவரிடம் ஆயத்தமாகவே இருந்தது. "இனிமே என் அலமாரியைத் தொடக்கூடாது. சுவரைப் பார்த்துக் கேள்வியும் கேக்கக்கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று தலையசைத்தார்.

"சரி, உக்காருங்க. கால் பக்கம் முதல்ல. கைக்கு எது அகப்படுதோ அதைத் தள்ளுங்க, அவ்வளவுதான்." அவர் தள்ளினார். இரண்டாம் தள்ளிலேயே விரல்கள் தாமாகவே ஒரு விளிம்பைத் தேடிப் பிடித்து, மறுவிளிம்பைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தன. "பாருங்க, மடிக்கிறீங்க." இல்லை என்றார். ஆனால் கை மடித்துக்கொண்டுதான் இருந்தது. இருபத்தாறு ஆண்டுச் சேவகம் செய்த கை, எசமானர் சொன்னாலும் கேட்கவில்லை. அம்மையாருக்கு இரக்கமாகக்கூட இருந்தது. பிறகு, ஊசி கண்டு பயப்படுகிறவர்களிடம் தினமும் சொல்கிற அந்த வார்த்தையைச் சொன்னார். "கண்ணை மூடிக்குங்க. பார்த்தாத்தான் பிரச்சனை."

புலர்ந்தது ஞாயிறு. உடற்பயிற்சிக் கூடம் நிறைந்திருந்தது. படையினரும், பூட்ஸ் அணிந்த எக்ஸ்ரே அக்காவும், இன்று விடுமுறைதானே என்று வேடிக்கை பார்க்க வந்த துணிக்கடை நால்வரும் வட்டமிட்டு நின்றார்கள். மாஸ்டர் நடுவில் அமர்ந்து கையுறை அணிந்தார், உறையின் வாயைத் தொடைகளுக்கிடையில் இறுக்கினார், தம் வாழ்நாளில் மடித்த அத்தனை துணிகளிடமும் மனத்துக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். விசில் ஒலித்ததும் கண்களை மூடிக்கொண்டார்.

அப்போது நிகழ்ந்ததைப் பாட நமக்கு ஒரு வாய் போதாது. முதல் பிடியில் பகைவனின் பாதம் போயிற்று. இரண்டாம் பிடியில் முழங்கால் போயிற்று. கோணலென்றும் நேரென்றும் பாராமல், உள்ளென்றும் புறமென்றும் ஓராமல், பிடித்ததைப் பிடித்தபடி, கசங்கியதைக் கசங்கியபடி, அடிவயிற்றிலிருந்து 'ஹும், ஹும்' என்று முழங்கிக்கொண்டு, கொள்ளைக்காரன் மூட்டை கட்டுவதுபோல் அவர் அமுக்கிய அமுக்கில், இறகுக்குள் ஒளிந்திருந்த காற்றெல்லாம் சீறிக்கொண்டு வெளியேறி முன்வரிசையில் நின்றவர் முடியைக் கலைத்தது. பாதி போயிற்று. முக்கால் போயிற்று. இரண்டு நிமிடம் கடந்தபோது, கையுறைக்கு உள்ளிருந்தும் அந்தப் பாழாய்ப்போன ஆள்காட்டி விரல் ஒரு தையலைக் கண்டுபிடித்துவிட்டது. நூல்பிடித்தாற்போல் ஓடும் நேரான தையல். விரல் அதை நீவியது. கட்டைவிரல் மறுவிளிம்பைத் தேடிப் புறப்பட்டது. மூடிய கண்ணுக்குள் கச்சிதமான ஒரு நாற்சதுரம் ஒளிவீசி அழைத்தது. கடைக்காரர் நால்வரும் விஷயம் புரிந்து மூச்சை நிறுத்தினார்கள். எக்ஸ்ரே அக்கா ஓர் அடி முன்னால் வந்தார்.

கூட்டத்தின் நடுவிலிருந்து அம்மையார் தொண்டையைச் செருமினார். பெரிய செருமல் ஒன்றும் இல்லை. ஆனால் மாஸ்டருக்கு ஒன்பது நாளும், ஒரு கூடாரத்தின் பாதியும் அந்தச் செருமலில் கேட்டன. நாற்சதுரத்தை உதறிவிட்டு, தையலையும் விளிம்பையும் ஒன்றாய்க் கசக்கிக் குப்பைபோல் உள்ளே தள்ளி, முழங்கையால் குத்தி, மோவாயால் அழுத்தி, கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தார்.

"கண்ணைத் தொறங்க," என்றாள் அவள், பக்கத்தில் வந்து. "போயிடுச்சு."

திறந்து பார்த்தார். அவர் மடியில், முண்டும் முடிச்சுமாய், ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் ஒடுங்கி, அவர் கடையில் கண்டிருந்தால் கண்ணீர் விட்டிருக்கக்கூடிய கோலத்தில், பை உறைக்குள் இருந்தது. இரண்டு நிமிடம் ஐம்பத்தொரு நொடி. கடை நால்வரும் அவரைத் தோளில் தூக்க முயன்று, பூட்ஸின் கனத்தால் முடியாமல் இறக்கிவிட்டார்கள். எக்ஸ்ரே அக்கா தம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே கைதட்டினார். மனைவியோடு போகப்போகிறோம் என்பதைத் தவிர மாஸ்டருக்கு அப்போது வேறொன்றும் தோன்றவில்லை. கையுறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வென்றது கை, வீழ்ந்தது மடிப்பு, மலைகளே, பனியே, பதினைந்தாயிரம் அடி உயரத்தில் பல்லிளித்துக் காத்திருக்கும் கணவாயே, கண்ணை மூடியும் வெல்லத் தெரிந்த ஒருவர் மனைவியோடு வருகிறார், வழிவிடுங்கள் என்று எட்டுத் திக்கும் முழங்கிய அந்த வெற்றிப் பேரொலி அடங்கும் முன்னே, தலைவியார் பட்டியலைப் புரட்டி இறுதிப் பிரகடனத்தை வாசித்தார்: "எல்லாரும் கேட்டுக்குங்க. ரொம்ப நாள் அமுக்கியே வெச்சிருந்தா இறகு செத்துடும். வீட்டுக்குப் போனதும் பையை வெளிய எடுத்துப் போட்டுடுங்க, கிளம்புற அன்னைக்கு உள்ள வெச்சா போதும்."

கிளம்ப இன்னும் பதினெட்டு நாள் இருந்ததால், வீட்டுக்குப் போய் அதை வெளியே எடுத்துக் கொடியில் போட்டார்கள்.